இரத்தத்தில் பெருகினால் போதுமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி, வைரஸைத் தடுத்து அதன் வழியே புற்றுநோயையும் வராமல் காக்கிறது. நான் பேச வந்தது அதைப் பற்றியன்று; நோய் வந்துவிட்டவரின் எதிர்ப்பு மண்டலத்தை அவருடைய கட்டிக்கு எதிராகவே பழக்கும் தடுப்பூசியைப் பற்றி.

ஊசி இறங்கியதும், அதிலுள்ள கட்டிப் புரதத்தை, பிற எதிர்ப்புச் செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் சிறு துண்டுகளாக்கி, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், தம் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. என்னும் தாங்கி மூலக்கூறுகளின் மேல் ஏந்தி, நோயுற்ற செல்களைத் தாக்கும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அத்துண்டோடு பொருந்தும் ஏற்பியுள்ள டி செல் மட்டுமே விழித்தெழும். ஆயினும் துண்டைக் கண்டால் மட்டும் போதாது; டென்ட்ரிடிக் செல்லிடமிருந்து இரண்டாவது சமிக்ஞையும் வந்தாக வேண்டும், வராவிட்டால் அந்த டி செல் செயலற்றுப் போகும். தடுப்பூசியில் தூண்டும் துணைப்பொருளைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

இவ்வளவும் சரியாக நடந்தும் தொடக்ககாலத் தடுப்பூசிகள் பெரும்பாலும் தோற்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 440 நோயாளிகளின் முடிவுகளை 2004இல் வெளியிட்டபோது, கட்டி சுருங்கியது 2.6 விழுக்காட்டினருக்கே. இரத்தத்தில் டி செல்கள் பெருகியதைக் கண்டு வெற்றி என்று மகிழ்வது எவ்வளவு தவறு என்பதை அந்த எண் உணர்த்தியது. அன்று இலக்காக இருந்த புரதங்கள் பலவும் இயல்பான செல்களிலும் இருப்பவை. அவற்றை வலுவாகப் பற்றும் டி செல்களை, அவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பி முன்பே களைந்துவிடுகிறது. எஞ்சியவை கட்டியை எட்டினாலும், அங்குள்ள பி.டி.-எல்1 புரதம் அவற்றின் மேலுள்ள பி.டி.-1 என்னும் ஏற்பியைப் பற்றி, அவற்றின் கையைக் கட்டிவிடுகிறது.

ஆகவே, அவரவர் கட்டியின் மரபணுப் பிறழ்வுகளில் மட்டுமே பிறக்கும் புதிய புரதத் துண்டுகளை நோக்கி ஆய்வு திரும்பியது. அவற்றை இயல்பான செல் எதுவும் தாங்குவதில்லை. பாஸ்டனின் டானா-ஃபார்பர் மையத்தில் கேத்தரின் வூ குழுவினர் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கண்ட அறுவருக்கு இவ்வகை ஊசி போட்டு, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். 25 மாதங்கள் கடந்தும் நால்வருக்கு நோய் திரும்பவில்லை. மற்ற இருவரே என் கவனத்தை மிகவும் ஈர்த்தவர்கள்: நோய் திரும்பிய அவர்களுக்கு பி.டி.-1 தடையை நீக்கும் மருந்து கொடுத்தபின் கட்டிகள் முழுவதுமாக மறைந்தன. தடுப்பூசித் துண்டுகளை அறியும் டி செல் வகைகளும் கூடின. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். எனினும், தடுப்பூசியும் தடைநீக்கும் மருந்தும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதே என் துணிபு.

காலமும் முக்கியம். பெரிய கட்டியை எதிர்ப்பதைவிட, அறுவைக்குப் பின் எஞ்சிய சில செல்களை எதிர்ப்பது டி செல்களுக்கு எளிது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் அறுவை முடிந்த கணையப் புற்றுநோயாளிகள் 16 பேருக்குத் தடைநீக்கும் மருந்தோடும் கீமோதெரபியோடும் இவ்வகைத் துண்டுகளை உடலே செய்துகொள்ளக் குறிப்புத் தரும் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டதில், 8 பேரிடம் டி செல்கள் எழுந்தன. 2023இல் வெளியான அந்த ஆய்வின்படி, டி செல்கள் எழாதவர்களுக்கு நோய் திரும்பிய இடைநிலைக் காலம், அதாவது பாதிப்பேருக்கு நோய் திரும்ப ஆன காலம், 13.4 மாதங்கள்; எழுந்தவர்களிலோ, கண்காணிப்பின் இடைநிலைக் காலம் 18 மாதங்களாக இருந்தபோதும், பாதிப்பேருக்குக்கூட நோய் திரும்பியிருக்கவில்லை.