கோடி ரூபாய் கார் முப்பது லட்சத்துக்கு வந்தால்

வணக்கம் நேயர்களே. நான் மதுரையில் வெளிநாட்டுக் கார்களுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக். இப்போதெல்லாம் டெல்லி, பெங்களூரு, கொச்சி என்று போய் பழைய பிஎம்டபிள்யூ எம்5, ஆடி ஆர்எஸ்7, ஏஎம்ஜி பென்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகள். ஆசையில் தப்பே இல்லை, அந்த வண்டியை ஒரு தடவை ஓட்டினவர்களுக்கு அது புரியும். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வருடத்துக்கு வருடம் குறைவது காரின் விலைதான், ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையாது. புதிதாகக் கோடி ரூபாயை ஒட்டி விற்ற எம்5 இன்றைக்கு முப்பது, நாற்பது லட்சத்துக்குக் கிடைக்கலாம், ஆனால் அதன் டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி) பிரேக் டிஸ்க்கும் இன்றைக்கும் கோடி ரூபாய் காரின் டர்போவும் டிஸ்க்கும்தான்.

2011இல் வந்த எம்5ஐயே எடுத்துக்கொள்வோம். 4.4 லிட்டர் வி8, அதாவது வி வடிவத்தில் எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ, 560 குதிரைத் திறன். அந்த இரண்டு டர்போவும் இன்ஜினுக்கு வெளியே பக்கவாட்டில் இல்லை, வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆர்எஸ்7 இன்ஜினும் இதே அமைப்புதான். இன்ஜினில் இருக்கிற சூடெல்லாம் ஒரே இடத்தில் தேங்கும். ஜெர்மனியின் குளிரில் அது எப்படியோ, சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது பானெட்டுக்குள் இருக்கிற ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெந்துபோகின்றன. பத்து வருட வண்டியில் இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஓடும் பைப்பின் பிளாஸ்டிக் முனையைக் கையால் திருப்பினால் அப்பளம் மாதிரி நொறுங்கி வரும், உள்ளே பழுப்பேறிப் போயிருக்கும். அந்தப் பைப்பின் விலை பெரிசில்லை. அது ஓடுகிற வண்டியில் உடைந்து, டெம்பரேச்சர் ஏறியதைக் கவனிக்காமல் திருமங்கலத்திலிருந்து வீடு வரைக்கும் ஓட்டிவந்துவிட்டால், இன்ஜின் ஹெட் வளைந்து லட்சக்கணக்கில் செலவு வந்து நிற்கும். அதனால் வாங்கிய கையோடு ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட் டேங்க் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள், ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடாதீர்கள். அப்புறம், வண்டியை ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சில நிமிஷம் சுற்றும். டர்போவை ஆற்றுவதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது கம்ப்ளைன்ட் இல்லை. அதை நிறுத்துவதற்காக யாராவது ஒயரைக் கழற்றினால் விடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. கம்பெனி 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் நம்ம சூட்டுக்கு 7,000, 8,000க்குள் மாற்றுவதுதான் நல்லது. எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், நல்ல ஆயில் லிட்டர் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது, ஃபில்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரை உடனே தூக்கிப் போடாமல் அதன் காகித மடிப்புகளை அறுத்து, வெள்ளைத் துணி மேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கினால் கனெக்டிங் ராடு பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்திலேயே பேரிங்கை மாற்றிவிட்டால் இன்ஜின் பிழைக்கும். தட்டுகிற சத்தம் வந்த பிறகு கொண்டுவந்தால் கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து போயிருக்கும், அப்போது வரும் பில்லைக் கட்டுவதைவிட வண்டியையே விற்றுவிடலாம் என்று தோன்றும்.

ஆர்எஸ்7 வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. டர்போவுக்கு ஆயில் போகிற வழியில் சின்ன வலை ஒன்று இருக்கிறது, அது கசடு பிடித்து அடைத்தால் ஆயில் கிடைக்காமல் டர்போ போய்விடும். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். டயர், பிரேக் பேட் செலவெல்லாம் உங்களுக்கே தெரியும். பின் டயர் ஜோடி அரை லட்சத்தைத் தாண்டும், செராமிக் பிரேக் இருந்தால் டிஸ்க் செட் பல லட்சம்.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பீர்கள். இன்ஜின் தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் இன்ஷூரன்ஸில் வராது. விபத்து என்றாலும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவரேஜ்) எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் டயருக்கும் பாதி உங்கள் கையிலிருந்துதான். அதைவிட முக்கியமானது ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள். முப்பது லட்சம் ஐடிவி உள்ள வண்டி முன்பக்கமாகப் போய் ஒரு லாரியில் மோதினால், ஹெட்லைட், ரேடியேட்டர்கள், பானெட், ஏர்பேக் என்று புது வண்டி விலையில் பட்டியல் போட்டாலே 22.5 லட்சத்தைத் தாண்டிவிடும். ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வண்டியாக இருந்தாலும் கையைவிட்டுப் போய்விடும்.

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியையும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியையும் ஓட்டக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அங்கே பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன, சரி. ஆனால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி நம்ம ஆர்டிஓ ஆபீஸில் ரிஜிஸ்டர் செய்யும்போது ஆயுள் வரியை வண்டியின் அசல் விலையை வைத்துத்தான் போடுவார்கள். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். வாங்கும் விலை முப்பது என்றால் இன்னொரு எட்டு, பத்து லட்சம் தனியாகக் கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தப் பணம் இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், முந்தின இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள். ஸ்கேனர் போடத் தெரிந்தவரைக் கூட்டிப்போய், பிஎம்டபிள்யூ என்றால் மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரும் சாவியில் பதிவாகியிருக்கிற கிலோமீட்டரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்த்து இன்ஜின் சூடேறிய பிறகு இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடவிட்டு, அப்புறம் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டுப் பின்னால் பாருங்கள். நீலப் புகை கிளம்பினால் வால்வ் சீல் போயிருக்கலாம், அந்த வேலை லட்சங்களில்தான் முடியும். விற்கிறவர் இரண்டு லட்சம் குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.