ஒரு புள்ளி இருந்தால் 11! சூரியனின் விசித்திரக் கணக்கு

வணக்கம் மக்களே! இரணைமடுக் குளக்கட்டில் நிற்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்தச் சூரியனில் இப்போது ஒரேயொரு கரும்புள்ளி இருக்கிறது என்று வையுங்கள். வானியலாளர்கள் எழுதும் எண் என்ன? 1 இல்லை, 11!

கரும்புள்ளி என்றால் என்ன என்பதை விறுவிறுவென்று சொல்லிவிடுகிறேன். காந்தப்புலம் பலமான இடத்தில், உள்ளிருந்து வெப்பம் மேலே வருவது தடைப்படும். சுற்றிவர 5,500 பாகை செல்சியஸ் என்றால் அங்கே சுமார் 3,500. அதனால் கறுப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

சரி, அந்த 11? 1848இல் சுவிட்சர்லாந்துக்காரர் ருடோல்ஃப் வுல்ஃப் தொடங்கிய கணக்கு இது. புள்ளிக் கூட்டங்களை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும், அதோடு மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். தனியே நிற்கும் ஒற்றைப் புள்ளியும் ஒரு கூட்டம்தான். ஒரு கூட்டத்துக்கு 10, அதிலுள்ள ஒரு புள்ளிக்கு 1. இரண்டு கூட்டம், ஐந்து புள்ளி என்றால் 25.

ஏன் கூட்டத்துக்கு இவ்வளவு மரியாதை? கோடையில் குளம் வற்றியதும் அக்கரையில் மேயும் மாடுகளை இங்கிருந்து எண்ணிப் பாருங்கள். கன்றுகள் தப்பிவிடும், ஆனால் எத்தனை பட்டி நிற்கிறது என்பது பிழைக்காது. சின்னத் தொலைநோக்கிக்கும் அதே கதைதான். அப்புறம், பார்க்கும் ஆளுக்கும் கருவிக்கும் ஏற்ற திருத்தக் காரணி ஒன்றையும் வுல்ஃப் வைத்தார். கண் பிழைவிடும் என்பதையே சூத்திரத்துக்குள் எழுதிய மனிசன்! எனக்கு ஆளை நல்லாப் பிடிக்கும். இன்றும் பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரத்து வானாய்வகம் உலகெங்குமுள்ள பார்வையாளர்களின் எண்ணிக்கையைத் திரட்டி இந்த எண்ணை வெளியிடுகிறது.

புள்ளிகள் கூடிக் குறைவதைக் கண்டவர் ஜெர்மனிய மருந்துக்கடைக்காரர் ஷ்வாபே. புதனை விடவும் சூரியனுக்குக் கிட்டே ஒரு கோளைத் தேடி 1826 முதல் சூரியனைப் பார்த்தார். கோள் இல்லவே இல்லை, பாவம். 1843இல், சுழற்சி சுமார் 10 ஆண்டு என்றார். வுல்ஃப் பழைய பதிவுகளைத் தோண்டி அதை 11 ஆக்கினார். இப்போது நடப்பது 25ஆவது சுழற்சி. 2019 டிசெம்பரில் தொடங்கி, 2024 ஒக்டோபரில் உச்சம் தொட்டது.

“அதனால்தான் கிளிநொச்சியில் இந்த வெக்கையோ?” என்று கேட்பீர்கள். இல்லை. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையில் சூரிய ஒளி 0.1 சதவீதம் அளவே மாறும். அதுவும் புள்ளி கூடும்போது ஒளி கூடுகிறது, ஏனென்றால் புள்ளிகளைச் சுற்றிப் பிரகாசமான திட்டுகளும் பெருகும்.

நீங்களும் எண்ணலாம். சூரியனை நேரே பார்க்கவே வேண்டாம், கண் போய்விடும்! பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி, மற்றப் பக்கத்தால் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழுத்துங்கள். திருத்தக் காரணியை விட்டுவிட்டு, வரும் எண்ணைக் கமெண்டில் போடுங்கள். 5 என்று யாராவது போட்டால் பார்க்காமலே எழுதியது என்று பிடித்துவிடுவேன். 0க்கு அடுத்தது 11தானே!