தனியாகவா வந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற மறு வருஷம், அக்டோபர் மாதத்தில், கிரேக்கத் தீவு ஒன்றுக்குத் தனியாகப் போய் வந்தேன். அதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பேசச் சொன்னால் நான் எங்கே போவேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிசினுக்குத்தான் போவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பெயர் ஹியோஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் கியோஸ், கியோஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பலில் பக்கத்தில் இருந்த பெண்மணி திருத்தினார். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பிரேயஸ் துறைமுகத்தில் ராத்திரி ஏறினால் விடியும்போது இறங்கலாம். கரையில் நின்றால் எதிரே துருக்கி மலைகள் கண்ணுக்குத் தெரியும். படத்தில் பார்க்கிறோமே, வெள்ளை வீடு, நீலக் கூரை, அந்தத் தீவு இது இல்லை. அது சான்டோரினி. இங்கே அவ்வளவு கூட்டமும் கிடையாது.

என் கையில் ஒரு திட்டம் இருந்தது. பத்து நாளில் நான்கு தீவு. மணி வாரியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தேன், வங்கிக்காரி புத்தி. அந்தத் திட்டத்தின்படி தெற்கே இருக்கும் பிர்கி என்ற ஊருக்கு ஒரு பகல் மட்டும். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை. நான் பார்த்து வைத்திருந்தது மற்ற நாட்களின் நேரம். சாயங்காலம் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் பஸ் வராது என்று புரிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, அட்டையில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. ஒரு ராத்திரிக்கு என்று வாங்கிய சாவியை ஒன்பதாம் நாள்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஊர்ச் சுவர்களை வானொலியில் எப்படிக் காட்டுவது? கறுப்பு மணல் கலந்த சாந்தைப் பூசி, அதன் மேல் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் முள்கரண்டி போன்ற ஒரு கருவியால் சுரண்டுகிறார்கள். முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று வரிசை வரிசையாக வீடு முழுவதும் ஓடும். நம் வாசல் கோலம் சுவரில் ஏறி நிற்பதுபோல இருக்கும். ஆனால் கோலம் என்றால் வெள்ளையை இடுவது. இது வெள்ளையைச் சுரண்டி எடுப்பது. மாடி முகப்புகளில் சின்னச் சின்னத் தக்காளிகளைச் சரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், குளிர்காலத்துக்கு.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தப்பு செய்தேன். இரண்டு மணிக்கு மேல் ஊரே கதவைச் சாத்திவிடுகிறது. ஐந்து மணி வரை சத்தம் கூடாது. எனக்குத் தெரியாது. கல் பாவிய சந்துகளில் என் செருப்பு டக் டக் என்று போகிறது. ஒரு ஜன்னல் திறந்தது, ஒரு தலை பார்த்தது, ஜன்னல் மூடியது. அவ்வளவுதான். மறுநாள் முதல் நானும் படுத்துத் தூங்கினேன். வெளியூர் போய்ப் பட்டப்பகலில் தூங்கவா இத்தனை செலவு என்று என் தம்பி கேட்டான். ஆமாம், அதற்கும்தான்.

சரி, பிசின். ஐந்து மணிக்கு மேல் கதவுகள் திறந்ததும் பெண்கள் நாற்காலியைச் சந்தில் போட்டு உட்காருவார்கள். மடியில் ஒரு தட்டு, கையில் சின்னக் கத்தி. எனக்குப் பாட்டி வயதிருக்கும் ஒருவர் என்னைப் பார்த்து, "மோனி சூ?" என்றார். தனியாகவா வந்தாய் என்று அர்த்தம். அந்தத் தீவில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். நம் ஊரிலும் அதே கேள்விதானே கேட்பார்கள்? ஆனால் நம் ஊரில் அதற்குப் பின்னால், ஐயோ பாவம், வீட்டில் என்ன பிரச்சினையோ என்று ஒன்று தொக்கி நிற்கும். அந்தப் பாட்டி ஒன்றும் தொக்கி நிற்க விடவில்லை. உள்ளே போய் இன்னொரு நாற்காலியும் இன்னொரு கத்தியும் கொண்டுவந்தார்.

தட்டில் இருந்தது மஸ்திஹா. ஒரு குட்டை மரத்தின் பிசின். மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல நாடுகளில் அந்த மர இனம் உண்டு. ஆனால் இந்தப் பிசினைத் தருவது ஹியோஸின் தெற்குப் பகுதி மரங்கள்தான். அங்கே இருக்கிற 24 ஊர்களுக்கு மஸ்திஹா ஊர்கள் என்றே பெயர். கோடையில் மரத்தடியைப் பெருக்கி, வெள்ளைச் சுண்ணப் பொடியை வட்டமாகத் தூவி, பட்டையில் சின்னச் சின்னதாகக் கீறுவார்கள். பிசின் சொட்டும். அதைக் கண்ணீர் என்கிறார்கள். புனித இசிதோரோஸ் என்பவரை ரோமானியர்கள் கொன்றபோது மரங்கள் அழுதனவாம், அன்றைக்கு ஆரம்பித்த அழுகையாம். வெள்ளைப் பொடியில் விழுந்து இறுகியதைப் பொறுக்கி, சலித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, அப்புறம் ஒவ்வொரு துளியாக எடுத்துக் கத்தி முனையால் ஒட்டியிருக்கும் தூசியைச் சுரண்ட வேண்டும். எங்கேயும் அவசரப்பட முடியாது. குளிர்காலம் முழுக்க இதே வேலை. ஒரு மரத்திலிருந்து வருஷத்துக்கு 150, 200 கிராம் கிடைத்தாலே அதிகம். 2014-இல் யுனெஸ்கோ இந்தத் தொழில் அறிவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாட்டிக்கு அதைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை. நான் அழுத்திச் சுரண்டுகிறேன், துளி உடைகிறது, அதுதான் அவருக்கு அக்கறை.

ஒன்றை வாயில் போடச் சொன்னார். முதலில் கசப்பு. மென்றதும் மெழுகுபோல இளகி, ஒரு குளிர்ந்த வாசனை மூக்கில் ஏறியது. ஏறியதும் எனக்கு மதுரை ஞாபகம் வந்துவிட்டது! எங்கள் தெருமுனை நாட்டு மருந்துக் கடை. அங்கே கண்ணாடிப் புட்டியில் இருக்கும் ரூமி மஸ்தகி. இதே பிசின்தான், யுனானி மருந்தில் சேர்ப்பது. வயிற்றுக் கோளாறுக்கு அப்பா வாங்கிவரச் சொல்லுவார். கிழக்கு ரோமப் பேரரசு இருந்த நிலத்தை அரபிகளும் துருக்கியரும் ரூம் என்றார்கள். ரூமிலிருந்து வந்ததால் ரூமி. ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெயரின் ஊரில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்! பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனைக் கூப்பிட்டு, அவன் இங்கிலீஷ் வழியாக இதைச் சொன்னேன். பாட்டி நம்பவில்லை. அவ்வளவு தூரமா போகிறது, என்ன விலைக்கு விற்கிறான் என்று கேட்டார்.

இரண்டு பேராகப் போயிருந்தால் அந்த நாற்காலி வந்திருக்காது என்பது என் கட்சி. இரண்டு பேர் என்றால் பேச்சுத் துணை கூடவே இருக்கிறது, ஊர்க்காரர்கள் நம்மை நம் போக்கில் விட்டுவிடுவார்கள். ஒரு ஆள் சும்மா நின்றால் யாருக்கும் பொறுக்காது. க்ஸெனோஸ் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்நியர் என்றும் அர்த்தம், விருந்தாளி என்றும் அர்த்தம். நம் பழந்தமிழிலும் விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர். சாப்பாடு என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு வந்தது.

எட்டு சாயங்காலம் அந்தச் சந்தில் பிசின் சுரண்டினேன். நடுவில் ஒரு தட்டில் கிளாஸ் தண்ணீர் வரும். அதற்குள் ஒரு கரண்டி, கரண்டியில் வெள்ளையாக மஸ்திஹா சேர்த்த சர்க்கரைப் பாகு. அதற்குப் பெயர் நீர்மூழ்கிக் கப்பல்! கரண்டியை நக்கிவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். நான் கலக்கிக் குடித்தேன், சந்தே சிரித்தது.

தலையாட்டலில் ஜாக்கிரதை. அவர்கள் மொழியில் "நே" என்றால் ஆமாம். நம் காதில் இங்கிலீஷ் "நோ" போலவே விழும். இல்லை என்று காட்டத் தலையை மேலே தூக்கி, நாக்கை "ச்ச்" என்று சப்புக்கொட்டுவார்கள். அந்த "ச்ச்" நமக்குப் பழக்கம்தானே. ஆகவே சொல்லைவிடச் சப்புக்கொட்டலை நம்பினேன், பிழைத்தேன்.

சாப்பாடு. நான் சைவம். பயந்துகொண்டு புளிக்காய்ச்சல் எடுத்துப் போனேன், தேவையே இல்லை. அவர்கள் கிறிஸ்தவ சபையில் விரத நாட்கள் ஏராளம். புதன், வெள்ளி விரதம், பெரிய பண்டிகைகளுக்கு முன் வாரக்கணக்கில் விரதம். ஆகவே கடையில் "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் போதும். விரதச் சாப்பாடு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. நத்தை, கணவாய் போன்றவை விரதத்தில் சேரும், அதை மட்டும் கேட்டுத் தள்ளிவிட வேண்டும். அவித்த கீரையில் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு வேளை அதையே சாப்பிட்டிருக்கிறேன்.

ஊர்ச் சதுக்கத்துக் காபிக் கடை பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். முதல் நாள் எனக்குக் கூச்சம். ஒரு மெத்ரியோ, அதாவது அளவான சர்க்கரை போட்ட காபி, சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. அடியில் வண்டல் தங்கும், அதைக் குடித்துவிடாதீர்கள்.

அப்புறம்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். வ்ரொன்டாதோஸ் என்ற ஊரில் ஈஸ்டர் ராத்திரி இரண்டு தேவாலயங்கள் எதிரெதிர் குன்றுகளிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று ராக்கெட் வாணம் விடுவார்கள், எதிர்ப் பக்கத்து மணிக்கூண்டு குறி. அதைச் சொல்ல வைத்திருந்தேன். 1822-இல் ஆட்டோமான் படை இந்தத் தீவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்தக் கொடுமையைப் பிரெஞ்சு ஓவியர் தேலக்ருவா வரைந்த ஓவியம் பாரிஸில் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 11-ஆம் நூற்றாண்டு நெயா மோனி மடாலத்தின் மொசைக் ஓவியங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தாள் அப்படியே கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் பிசின் தின்றுவிட்டது.

செலவுக் கணக்கைக் கேட்டு எழுதினால் பதில் போடுகிறேன். தனி ஆளுக்கும் இரண்டு பேர் அறை வாடகைதான் கேட்பார்கள், அது ஒன்றுதான் உறுத்தல். போகிறவர்கள் பஸ் நேரத்தைச் சனிக்கிழமைக்குத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரிக்காமல் போனாலும் சரி. வணக்கம்.