குவியலுக்கு எத்தனை பெயர்!

நேயர்களுக்கு வணக்கம். பொருள்களைச் சேர்ப்பதற்கும் குவிப்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கலெக்ட், அக்யுமுலேட், அமாஸ், ஸ்டாக்பைல், ஸ்டாஷ், ஹோர்ட் என்று வரிசை நீளமானது. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் 'சேர்த்தல்', 'குவித்தல்' என்றே போட்டிருக்கும். ஆனால் யார் சேர்த்தார், எதற்காகச் சேர்த்தார், பார்க்கிறவர் அதை மெச்சினாரா முகம் சுளித்தாரா என்பதெல்லாம் அந்தந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அக்யுமுலேட். இதன் வேர் குமுலஸ் என்ற லத்தீன் சொல். குவியல் என்று பொருள். வானத்தில் பஞ்சுப் பொதியாக நிற்கும் மேகத்துக்கு ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 1802-இல் அதே பெயரைத்தான் வைத்தார். இந்தச் சொல்லுக்கு ஆள் தேவையில்லை. தூசி அக்யுமுலேட் ஆகும், வட்டி அக்யுமுலேட் ஆகும். யாரும் கை வைக்காமலே ஏறிக்கொண்டு போவது அது. அமாஸ் அப்படியில்லை. சொத்தை அமாஸ் செய்யலாம், ஆதாரங்களை அமாஸ் செய்யலாம். அதில் முயற்சி உண்டு, அளவும் பெரிது. தூசியை யாரும் அமாஸ் செய்வதில்லை.

ஒளித்துவைப்பதற்கு ஸ்டாஷ் இருக்கிறது, கேஷும் இருக்கிறது. இந்த கேஷ் பணம் அல்ல. உச்சரிப்பு மட்டும்தான் ஒன்று. ஒளித்துவை என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் ரோமத்துக்காக வேட்டையாடியவர்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று உணவையும் தோலையும் குழிதோண்டிப் புதைத்துவைத்தார்கள். அந்தக் குழிக்குப் பெயர் கேஷ். 1968 வாக்கில் ஐபிஎம் கணினி நிறுவனத்தார், கணினி அடிக்கடி கேட்கும் தகவலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் சிறிய நினைவகத்துக்கு இதே பெயரைச் சூட்டினார்கள். இன்று நம் கைப்பேசி வரை வந்துவிட்டது அந்தக் குழி.

இனி ஹோர்ட். இந்தச் சொல்லிடம்தான் எனக்கு அக்கறை அதிகம். பழைய ஆங்கிலத்தில் இது கௌரவமான சொல். புதையல், கருவூலம் என்றுதான் பொருள். ஒரு புலவர் பேசத் தொடங்கினால் தன் 'சொல் ஹோர்ட்'டைத் திறந்தார் என்று அன்றைய பாடல்கள் பாடின. தொல்லியலில் அந்தப் பழைய மதிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. 2009-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வயலில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியலுக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் ஹோர்ட் என்றே பெயர். உயிரியலாளர்களும் இதை வசை இல்லாமல் கையாளுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் விலங்கு ஒரு வகை, அங்கங்கே சிறுசிறு குழியில் புதைக்கும் அணில் போன்றது இன்னொரு வகை. இரண்டுக்குமே ஹோர்டிங் என்பதுதான் கலைச்சொல். அணில் எடுக்காமல் விட்ட கொட்டைகளில் சில முளைத்து மரமாகிவிடுவதும் உண்டு. (விளம்பரப் பலகையைக் குறிக்கும் ஹோர்டிங் வேறு, வேலி என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டுக்கும் உறவில்லை.)

ஆனால் மனிதரைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஹோர்ட் கசக்கிறது. 2020-இல் பெருந்தொற்று தொடங்கியதும் கடைகளில் அலமாரிகள் காலியானதே, நினைவிருக்கும். அப்போது ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எப்படிச் சொன்னார்கள்? அரசாங்கம் முகக்கவசம் சேர்த்தால் ஸ்டாக்பைல், பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தால் ஹோர்ட். ஒன்று முன்யோசனை, மற்றது சுயநலம். தபால்தலை சேர்ப்பவர் கலெக்டர். பழைய நாளிதழ் சேர்ப்பவர் ஹோர்டர். சேகரிப்பவர் அடுக்கிவைப்பார், தேடிப்போய் எடுப்பார், பிறருக்குக் காட்டி மகிழ்வார் என்பது நிஜமான வேறுபாடுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் பொருளுக்குச் சந்தையில் விலை இருக்கிறதா என்பதை வைத்தே பல நேரம் பெயர் சூட்டிவிடுகிறோம். அது நியாயமில்லை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் ஹோர்டிங் டிஸார்டர் தனி நோயாக இடம்பெற்றது. அதற்கு முன் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகவே அதைப் பார்த்தார்கள். பொருளின் மதிப்பு எதுவானாலும் அதைப் பிரிவது தாங்க முடியாத வேதனையாக இருப்பதும், குவியல் பெருகிப்பெருகி, படுக்கவும் சமைக்கவும் உள்ள இடங்கள் பயன்படாமல் போவதும்தான் இதன் அடையாளம். சோம்பலும் அல்ல, பேராசையும் அல்ல.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காலியர் சகோதரர்கள் இருவர் வாழ்ந்தார்கள். 1947-இல் இருவரும் அந்த வீட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தார்கள். வீட்டிலிருந்து 100 டன்னுக்கு மேல் பொருள்கள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் 14 பியானோக்கள். கட்டுக்கட்டாக நாளிதழ்கள் எதற்கு? அண்ணன் ஹோமருக்குக் கண் பார்வை போய்விட்டிருந்தது. பார்வை திரும்பினால் விட்டுப்போன செய்திகளையெல்லாம் படிக்கட்டும் என்று தம்பி லேங்லி சேர்த்துவைத்தார். குவியல் சரிந்து லேங்லி அதன் அடியில் சிக்கி இறந்தார். அவர் கொண்டுவரும் உணவையே நம்பியிருந்த ஹோமரும் பிழைக்கவில்லை. இன்றும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள், பொருள் நிரம்பி நுழைய முடியாத வீட்டைக் காலியர் மேன்ஷன் என்கிறார்கள். அந்த நாளிதழ்க் கட்டுகளுக்கு நாம் என்ன பெயர் வைப்போம்? ஜங்க், அதாவது உதவாத குப்பை, என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நோய் உள்ளவர்களுடன் வேலை செய்யும் ஆலோசகர்களும் அந்தச் சொல்லைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். குப்பை, கழிவு என்று சொன்ன அந்த நிமிடமே எதிரில் இருப்பவரின் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்த விடமாட்டார். அவரைக் கேட்காமல் வீட்டைக் காலி செய்வதும் அப்படித்தான். வேதனை கூடும், வீடு மீண்டும் நிரம்பும். அவர் அந்தப் பொருளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறாரோ அதே பெயரைச் சொல்லுங்கள். 'என் சேகரிப்பு' என்றால் சேகரிப்பு, 'என் சாமான்கள்' என்றால் சாமான்கள். நடக்கிற வழியை மட்டும் முதலில் சரிசெய்யலாமா, அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள காகிதத்தை மட்டும் தள்ளி வைக்கலாமா என்று பாதுகாப்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். வணக்கம்.