யார் பிரிக்க வருகிறார்கள்?

(நாகர்கோவிலில் தமிழ் ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

வணக்கம். போன வாரம் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. 'மணமக்கள் பிரிக்க முடியாதவர்களாய் வாழ' என்று அச்சடித்திருந்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. யார் ஐயா பிரிக்க வருகிறார்கள்?

'இணைபிரியாமல்' என்று போட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை. 'பிரி' இரண்டு விதமாக நடக்கும் வினை. பிரிந்தான் என்றால் தானே விலகினான். பிரித்தான் என்றால் வேறொன்றை விலக்கினான். 'பிரியாத' தன்வினை. அங்கே பேச்சு அந்த இரண்டு பேரின் மனசைப் பற்றியது. 'பிரிக்க முடியாத' என்றால் வெளியே ஒருவன் நின்று இழுத்துப் பார்த்துத் தோற்றிருக்கிறான்.

நம்மூர்க் கடலையும் உப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இணைபிரியாதவைதான். ஆனால் புத்தளம் உப்பளத்துக்குப் போனால், வெயில் பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்கூட இணைபிரியாதவையே. சர்க்கரை ஏறி டாக்டர் ஒரு வார்த்தை சொல்கிறவரை.

சரி, நிஜமாகவே பிரிக்க முடியாதது எது? சலசல, மளமள. பாதியை வெட்டினால் 'சல' என்று மிஞ்சும். அதற்கு ஒரு பொருளும் இல்லை. 'பாம்பு பாம்பு' என்று கத்துவது வேறு. ஒன்றை எடுத்தாலும் மிச்சம் பாம்புதான். 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த நூலை அரங்கேற்றக் கேட்டவர் அதங்கோட்டு ஆசான். அவர் ஊர் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கெல்லாம் பெருமை. பெருமையை விடுவானேன்!

'இணைபிரியாத மூன்று நண்பர்கள்' என்று எழுதுகிறார்கள். இணை என்றால் இரண்டு. வழக்கில் வந்துவிட்டது, போகட்டும். என் காதுக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவதாக ஒரு சொல். குறுந்தொகை 57ஆம் பாட்டு. மகன்றில் பறவைகள் நீரில் சேர்ந்தே இருக்கும். நடுவே ஒரு பூ வந்து மறைத்தாலும் ஓராண்டு கழிந்ததுபோலத் தவிக்கும். அப்படிப்பட்ட காதலை 'பிரிவரிதாகிய' என்கிறார் சிறைக்குடி ஆந்தையார். முடியாது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அரிது என்கிறார். பூ ஒன்று குறுக்கே வரத்தானே செய்கிறது!

அடுத்த பத்திரிகைக்கு இதை எடுத்துப் போடலாமே என்று யோசித்தேன். அப்புறம்தான் அடுத்த அடி ஞாபகம் வந்தது. 'உடன் உயிர் போகுக' என்கிறாள் தலைவி. கல்யாண வீட்டுக்கு ஆகாது.