கரை திரும்பியவரும் திரும்பாதவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். கடலில் தன்னந்தனியாகப் போன இரண்டு பேரைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

1968இல் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. பாய்மரப் படகில் ஒரே ஆளாக உலகைச் சுற்றி வர வேண்டும். எந்தத் துறைமுகத்திலும் நிற்கக் கூடாது, யாரிடமும் உதவி வாங்கக் கூடாது. ஒன்பது பேர் கிளம்பினார்கள்.

அதில் ஒருவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வணிகக் கப்பல் அதிகாரி, வயது 29. அவருடைய 'சுஹாய்லி' 32 அடிப் படகு. நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. இன்னொருவர் பெர்னார் மொய்த்தெஸியே. ஹனோயில் பிறந்த பிரெஞ்சுக்காரர், வயது 43. அவருடையது 'ஜோஷ்வா' என்ற எஃகுப் படகு.

கிளம்பிய கொஞ்ச நாளிலேயே சுஹாய்லியின் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. நடுக்கடலில் குதித்து, மூச்சடக்கி, படகின் அடியில் பஞ்சுத் திரியை அடைத்தார் நாக்ஸ்-ஜான்ஸ்டன். சுற்றி வந்த சுறாவைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். கப்பலின் அடியில் வேலை செய்வது எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் அவருடைய ரேடியோவும் கெட்டது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே மாதக்கணக்கில் ஊருக்குத் தெரியவில்லை.

மொய்த்தெஸியேவோ ரேடியோவே வேண்டாம் என்றவர். எதிர்ப்படும் கப்பலின் தளத்தில் விழும்படி உண்டிவில்லால் சேதியை எறிவார். 1969 பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைத் தாண்டிவிட்டார். அட்லாண்டிக்கில் வடக்கே ஏறினால் இங்கிலாந்து. வேகத்துக்கான 5,000 பவுண்டு பரிசு அவருக்குத்தான் என்று பலர் நம்பினார்கள். அவர் கிழக்கே திரும்பினார். மார்ச்சில் நன்னம்பிக்கை முனை அருகே ஒரு கப்பல்மீது விழுந்தது அவர் சேதி: பசிபிக் தீவுகளை நோக்கிப் போகிறேன், கடலில் மகிழ்ச்சியாக இருக்கிறேன், ஒருவேளை என் ஆன்மாவைக் காப்பாற்றவும்தான். ஜூனில் தஹிதியில் நங்கூரம் போட்டபோது 37,000 கடல்மைலுக்கு மேல் ஓட்டியிருந்தார். பிறகு ஒரு பவளத் தீவில் செடி மரம் வளர்த்து வாழ்ந்தார்.

இளவயதில் நான் மொய்த்தெஸியேவின் கட்சி. இரவுக் காவலில் நட்சத்திரங்களைப் பார்த்தபடி, நானும் இப்படியே போய்விட்டால் என்ன என்று நினைத்திருக்கிறேன். அந்த ஆசை பொய்யில்லை. ஆனால் பிரான்சில் அவருக்காக மனைவி காத்திருந்தார். என் மனைவி என் கடிதத்துக்காக வாசலில் நின்ற நாள்கள் எனக்குத் தெரியும். அதனால் இந்த வயதில் மனம் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பக்கம் சாய்கிறது.

நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கும் கடல் பிடித்துத்தான் இருந்தது. 2007இல், 68 வயதில், இன்னொரு போட்டியில் மறுபடி தனியாக உலகைச் சுற்றினார். போனார், வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் போட்டியில் வென்ற 5,000 பவுண்டை, அதே போட்டியில் கடலில் மறைந்துபோன டொனால்ட் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1969 ஏப்ரல் 22. கிளம்பி 312 நாள். ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தது அவர் ஒருவர்தான். இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள்?

"ஃபால்மத்திலிருந்து" என்றார்.