எங்கள் காம்பராவில் சிரிப்புச் சத்தம்

வணக்கம் நேயர்களே.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். வீட்டுக்காரர் தவறிய பிறகு மகளையும் மகனையும் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், நான்தான் வளர்க்கிறேன். கஷ்டம் இல்லாமல் இல்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. ஆனாலும் ஒரே ஆள் வேலைக்குப் போய்ப் பேர் போடுகிற வீட்டில், வெயில் காலத்தில் கொழுந்து குறைந்தால் கடைக் கணக்கு ஏறத்தான் செய்யும். அதை எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுச் சந்தோஷத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

சாயந்தரம் நான் மலையிலிருந்து இறங்கி வரும்போது மகன் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உப்புப் போத்தலோடு நிற்பான். இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்ப்பதற்குள் என் காலில் அட்டை தேட ஆரம்பித்துவிடுவான். கணுக்காலில் ஒன்று ஒட்டியிருந்தால் உப்பை வைத்து, அது சுருண்டு விழும்வரை குனிந்தே இருப்பான். விழுந்ததும், "சரிம்மா, இப்ப உள்ளுக்குப் போங்க" என்பான். உத்தரவு கிடைத்த பிறகுதான் நான் உள்ளே போவேன்.

மகள் அதற்குள் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். கவ்வாத்து வெட்டின மலையில் பொறுக்கின மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட குச்சி, நன்றாகக் காய்ந்திருந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு அவள் பிசைய, நான் தட்டிக் கல்லில் போடுவேன். முதல் ரொட்டி தட்டுக்கே போகாது. சுடச்சுட மூன்றாகப் பிய்த்து, இடித்த சம்பலில் தொட்டு, அடுப்பைச் சுற்றிக் குந்தியபடியே தின்றுவிடுவோம். அப்புறம் சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும், அதுதான் ருசி. பள்ளிக்கூடத்தில் நடந்ததை மகன் நடித்துக் காட்டுவான். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறிவிடும்.

லயத்துச் சுவர்தானே, சத்தம் அடுத்த காம்பராவுக்குப் போகும். "புருஷன் இல்லாத வீட்டுல என்ன இவ்வளவு சிரிப்பு" என்று ஒருமுறை காதில் விழுந்தது. அது எனக்கு ரொம்ப வலித்தது. அப்பா போன துக்கம் பிள்ளைகளுக்கும் உண்டு. அதோடு சேர்த்து அம்மாவின் சிரிப்பையும் அவர்கள் ஏன் இழக்க வேண்டும்?

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, கையில் மிச்சம் இருந்தால், மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்துத் தலவாக்கலைக்குப் போவோம். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். இருட்டியவுடன் பெட்டியிலுள்ள பிள்ளைகள் எல்லாம் 'கூ' என்று கத்துவார்கள். நானும் கத்துவேன். கொட்டகலை தாண்டினால் சென் கிளையர் அருவி. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு அதில் தண்ணீர் முன்போல விழுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். சின்ன வயதில் நான் பார்த்த அகலத்தைக் கையை விரித்துக் காட்டுவேன். இருவரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் லயத்திலும் தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள் இருப்பார்கள். மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு சமைத்து, தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்புகிற தகப்பன்மாரும் நம்மிடையே உண்டு. மாரியம்மன் திருவிழாவில் தேர் வரும்போது அவர்களையும் முன்னுக்குக் கூப்பிடுங்கள். ஆலாத்தித் தட்டை என் மகள் கையில் கொடுக்கிறீர்கள், என் கையிலும் கொடுங்கள்.

வணக்கம்.